ஸ்லைடு அவுட் கசிவு: சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

வண்டிக்கு அடியில் சிவப்பாக ஒரு பொட்டு. ஸ்லைடு அவுட் என்பது, தங்கும் வண்டியை நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே தள்ளி இடத்தைக் கூட்டும் அறைப் பகுதி. அதை எண்ணெய் அழுத்தத்தால் (ஹைட்ராலிக்) தள்ளும் ஃபிஃப்த் வீல் வண்டியென்றால், அதாவது பிக்கப் டிரக்கின் பின்தளத்தில் மாட்டி இழுக்கும் பெரிய வண்டியென்றால், அது அநேகமாக ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் எண்ணெய்தான். வெள்ளைத் தாள் ஒன்றை ஒற்றிப் பாருங்கள். இளஞ்சிவப்பாகப் படர்ந்து வழுவழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீராக இருந்தால் ஏசியிலிருந்து வடிந்தது. தானே ஓடும் மோட்டர்ஹோம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வண்டியின் சொந்த கியர்பாக்ஸிலும் அதே சிவப்பு எண்ணெய்தான் ஓடுகிறது. பொட்டு கியர்பாக்ஸுக்கு நேர் கீழே இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பொட்டைப் பார்த்ததும் பலர் செய்வது, அதற்கு நேர் மேலே இருக்கும் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்குவது. பெரும்பாலும் வீண் வேலை. இன்றைய வண்டிகளின் வயிற்றை கோரோபிளாஸ்ட் என்ற கறுப்பு நெளி பிளாஸ்டிக் தட்டி மூடியிருக்கிறது. உள்ளே முன்பக்கம் எங்கோ ஒழுகும் எண்ணெய் அந்தத் தட்டியின் மேல் தேங்கி, தாழ்வான பக்கம் ஓடி, ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகவோ மூட்டு வழியாகவோ பத்தடி தள்ளிச் சொட்டும். தட்டி தொப்பையாகத் தொங்கிக்கொண்டிருந்தால் உள்ளே லிட்டர் கணக்கில் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றும்போது முகத்தை நேர் கீழே வைக்காதீர்கள். ஒரு மூலையில் இரண்டு ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தி, அகலமான தட்டில் வடியவிட்ட பிறகு மற்றதைக் கழற்றுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை

ஸ்லைடு அவுட்டை முதலில் வண்டியில் கொண்டுவந்தது இண்டியானாவைச் சேர்ந்த நியூமார், 1990இல். இப்போது சாலையில் இருக்கும் ஹைட்ராலிக் ஸ்லைடுகளில் பெரும்பகுதி லிப்பர்ட், பவர் கியர், எச்டபிள்யூஎச் ஆகிய பெயர்களில் வந்தவை. பெயரைவிட முக்கியம், சிலிண்டர் எப்படி வேலை செய்கிறது என்பது.

ஒரு வகையில் ஸ்லைடு ஒன்றுக்கு ஒரே சிலிண்டர். அது ஒரு பக்கத்து ரேக்கை, அதாவது பல் வெட்டிய நீளப் பட்டையைத் தள்ளும். அதோடு இணைந்த குறுக்குத் தண்டு, பினியன் பல்சக்கரத்தால் மறுபக்கத்து ரேக்கையும் அதே அளவு நகர்த்தும். இரண்டாவது வகையில் பக்கத்துக்கொன்றாக இரண்டு சிலிண்டர்கள். முதலாவதிலிருந்து வெளியேறும் எண்ணெயே இரண்டாவதைத் தள்ளும், அதனால் இரண்டும் சேர்ந்து நகரும். கசிவு வந்தால் இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒற்றைச் சிலிண்டர் வகையில் ஸ்லைடு மெதுவாகும் அல்லது நிற்கும், ஆனால் நேராகவே நிற்கும். அது கோணிக்கொண்டால் எண்ணெயைத் தேடாதீர்கள். குறுக்குத் தண்டின் போல்ட் முறிந்திருக்கும். இரட்டைச் சிலிண்டர் வகையில் எண்ணெய் தப்பினால் பெரும்பாலும் ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும்.

எண்ணெய் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. லிப்பர்ட் பம்புகளுக்கு டெக்ஸ்ரான் 3 வகை ஏடிஎஃப். எச்டபிள்யூஎச் தனக்கென்று ஓர் எண்ணெய் விற்கிறது. அவசரத்துக்கு டெக்ஸ்ரானை ஏற்றுக்கொள்கிறது. பிரேக் எண்ணெயை ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. இந்த அமைப்பின் சீல்கள் நைட்ரைல் ரப்பர். பிரேக் எண்ணெய் பட்டால் அவை ஊதி மெத்தென்றாகிவிடும்; பிறகு ஒரு கசிவு பத்தாகும்.

அளவு பார்ப்பதில் நடக்கும் தவறு

கசிவு என்று வரும் புகார்களில் கணிசமானவை கசிவே அல்ல. ஸ்லைடு வெளியே இருக்கும்போது எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், அளவு குறைந்திருக்கிறது, நிரப்பிவிடுகிறார்கள். கிளம்பும் நாளில் ஸ்லைடை உள்ளே இழுத்தால் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாக எண்ணெய் பொங்கி, பம்ப் அறை முழுக்கச் சிவப்பு.

காரணம் எளிது. சிலிண்டர் நீளும்போது பிஸ்டன் தடி வெளியே வருகிறது. தடி விட்டுப்போன இடத்தை எண்ணெய் நிரப்புகிறது. 1 அங்குலத் தடி, 36 அங்குல ஓட்டம் என்றால் அந்த வித்தியாசம் மட்டும் சுமார் 460 மில்லி. மூன்று ஸ்லைடு உள்ள வண்டியில் ஏறக்குறைய 1.4 லிட்டர். வண்டியை மட்டமாகத் தாங்கி நிறுத்தும் லெவலிங் ஜாக்கும் அதே தொட்டியிலிருந்து குடித்தால் இன்னும் கூடும்.

ஆகவே எல்லா ஸ்லைடுகளும் எல்லா ஜாக்குகளும் முழுவதும் உள்ளே இருக்கும்போது மட்டுமே அளவு பார்க்க வேண்டும். லிப்பர்ட் தொட்டிகளில் எண்ணெய், ஊற்றும் வாயின் விளிம்புக்குக் கால் முதல் அரை அங்குலம் கீழே நிற்க வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள தூசியைத் துடையுங்கள். தொட்டிக்குள் விழும் ஒரு மணல்துகள் போதும், வால்வின் வாயில் உட்கார்ந்துகொண்டு அடுத்த மாதமே உங்களை அலையவிடும்.

கைவைக்கும் முன்

பம்பின் வகையைப் பொறுத்து இந்தக் குழாய்களில் 2,000 முதல் 3,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தம் ஏறும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக்கடி மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். எனவே குழாயைக் கையால் தடவிக் கசிவு தேடுவது அறவே கூடாது. ஓர் அட்டைத் துண்டைக் குச்சியில் செருகி நீட்டுங்கள். பாய்ச்சல் இருந்தால் அட்டையில் கோடு விழும். எண்ணெய் தோலுக்குள் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட நேரே அவசர சிகிச்சைக்குப் போய், 'உயர் அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்தது' என்று சொல்லுங்கள். பிளாஸ்திரி ஒட்டிக் காத்திருக்கும் காயம் அல்ல.

இரண்டாவது, ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கசிவு தேடப் போகும் அதே எண்ணெய்தான் அந்த ஜாக்கையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது, ஃபிட்டிங்கை, அதாவது குழாய் இணைப்பைத் தளர்த்தும் முன் அழுத்தத்தை இறக்குங்கள். ஸ்லைடை உள்ளே இழுத்து முடித்ததும் பட்டனை 'வெளியே' பக்கம் ஒரு நொடி மட்டும் தட்டிவிடுங்கள். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் மூடியபடி நட்டை அரைச் சுற்று தளர்த்தி, சீறல் அடங்கும்வரை பொறுங்கள். சரிவான இடத்தில் நிற்கும் வண்டியில் ஸ்லைடு தானாகவே நகரும் என்பதால், அது நகராதபடி ஒரு தாங்குகட்டை வைத்த பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும்.

ஒழுகும் இடத்தைப் பிடிப்பது

பழைய எண்ணெய்மேல் புதிய எண்ணெயைத் தேடினால் கிடைக்காது. பிரேக் கிளீனரும் வேஸ்ட் துணியும் கொண்டு பம்ப், வால்வு பிளாக் (வால்வுகள் பொருத்திய உலோகக் கட்டை), ஒவ்வொரு ஃபிட்டிங், சிலிண்டரின் இரு முனைகள் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். பெயின்ட், ரப்பர், கோரோபிளாஸ்ட் மேல் கிளீனரை நேராக அடிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள்.

அதன்பின் ஒவ்வொரு ஃபிட்டிங்கைச் சுற்றியும் வெள்ளை டிஷ்யூ தாளைச் சுற்றி நூலால் கட்டுங்கள். பவுடர் ஸ்ப்ரே கிடைத்தால் இன்னும் சுலபம். மேலே வெள்ளைப் பூச்சாக அடித்துவிடலாம். ஸ்லைடை மூன்று முறை முழுவதும் வெளியே, உள்ளே ஓட்டுங்கள். ஒருவர் பட்டனில் நிற்க, இன்னொருவர் சற்று எட்டி நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டத்தின் கடைசியில் பம்ப் திணறும் சத்தம் வரும்போதுதான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஒழுகுவதும் அப்போதுதான் தெரியும். எந்தத் தாள் முதலில் சிவக்கிறதோ அதுதான் இடம். இரண்டு தாள்கள் சிவந்தால் மேலே இருப்பதே குற்றவாளி; கீழே இருப்பது நனைந்தது மட்டுமே.

மெதுவான கசிவுக்கு இது போதாது. ஏடிஎஃபில் கலக்கும் புற ஊதா சாயத்தைப் புட்டியில் குறித்த அளவு தொட்டியில் ஊற்றி, இரண்டு நாள் வழக்கம்போல் உபயோகித்துவிட்டு, இரவில் நீல விளக்கு அடித்துப் பாருங்கள். பச்சை மஞ்சளாக ஒளிரும் கோட்டை அதன் மேல் முனைவரை தொடர்ந்து போங்கள்.

ஃபிட்டிங்: இறுக்கினால் மட்டும் போதாது

பெரும்பாலான இணைப்புகள் ஜேஐசி வகை, 37 பாகை கூம்பு. இதில் கசிவை நிறுத்துவது மரை அல்ல; கூம்பும் கூம்பும் உலோகத்தோடு உலோகமாக அமர்வதுதான். எனவே மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயனில்லை. தீமை உண்டு: பிய்ந்த டேப் துணுக்கு எண்ணெயோடு போய் வால்வில் சிக்கும். ஏற்கெனவே யாரோ டேப் சுற்றியிருந்தால் பல் குத்தும் குச்சியால் கிளறி எடுத்துவிடுங்கள்.

இறுக்கும் முறை இது. கூம்பையும் அமரும் பள்ளத்தையும் துடையுங்கள், ஒரு சொட்டு ஏடிஎஃப் தடவுங்கள், கையால் முடிந்தவரை திருகுங்கள். நட்டின் ஒரு பட்டையிலும் ஃபிட்டிங்கிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு ஸ்பேனர், ஒன்று ஃபிட்டிங்கைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. கால் அங்குலக் குழாய்க்கு ஏறக்குறைய இரண்டு பட்டை, 3/8 அங்குலக் குழாய்க்கு ஒன்றரைப் பட்டை. ஆறு பட்டை நட்டில் இரண்டு பட்டை என்பது மூன்றில் ஒரு சுற்று. அதற்குமேல் நெரித்தால் கூம்பு நசுங்கும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஒரே ஸ்பேனரால் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கே அடுத்த கசிவுக்கு வித்து.

கழற்றிய கூம்பை நகத்தால் சுற்றிப் பாருங்கள். பள்ளமோ கீறலோ நகத்தில் தட்டினால் ஃபிட்டிங்கை மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. கால் அங்குல ஜேஐசியின் மரை 7/16-20. வீட்டுக் கேஸ், ஏசி வேலைக்கு விற்கும் 45 பாகை ஃபிளேரிலும் கால் அங்குல அளவுக்கு அதே 7/16-20 மரைதான். கையால் அழகாக ஏறிவிடும், ஆனால் கோணம் பொருந்தாது. ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் உட்கார்ந்து அடுத்த பயணத்திலேயே ஒழுகும். ஹார்டுவேர் கடையில் பித்தளையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த 45 பாகை. உங்களுக்கு வேண்டியது ஹைட்ராலிக் கடையில் கிடைக்கும் எஃகு ஜேஐசி.

வால்வு பிளாக்கில் நேரடியாக ஏறும் ஃபிட்டிங்குகள் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வகை. அங்கே கசிந்தால் இறுக்காதீர்கள், ஓ-ரிங்கை மாற்றுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஓ-ரிங் பல ஈபிடிஎம் ரப்பர். எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். நைட்ரைல் என்று கேட்டு வாங்கி, எண்ணெய் தடவிப் போடுங்கள்.

குழாய்

ஹோஸ் பெரும்பாலும் இரண்டு இடத்தில் சாகும்: சட்டத்தின் வெட்டு விளிம்பில் உரசும் இடம், ஸ்லைடோடு சேர்ந்து மடங்கி நீளும் இடம். மேலுறை தேய்ந்து உள்ளே கம்பியோ நூல்பின்னலோ தெரிந்தால், இன்னும் ஒழுகவில்லை என்றாலும் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் டேப், கிளாம்ப், எபாக்ஸி எதுவும் இந்த அழுத்தத்தில் நிற்காது.

மாற்றும்போது பழைய குழாயைக் கழற்றிய உடனே இரு முனையிலும் ஃபிட்டிங்கிலும் மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும் போதும். எது எங்கே என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். 'உள்ளே', 'வெளியே' குழாய்கள் மாறினால் ஸ்லைடு தலைகீழாக வேலை செய்யும். பழைய குழாயின் ஒரு முனையில் உறுதியான கயிற்றைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்து எடுங்கள். அதே கயிறு புதிய குழாயை அதே வழியில் இழுத்துத் தரும். கோரோபிளாஸ்ட் முழுவதையும் கழற்றும் வேலை மிச்சம்.

பழைய குழாயையே எடுத்துக்கொண்டு டிராக்டர், லாரி ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடைக்குப் போங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் விவசாய வட்டாரச் சிற்றூர்களில்கூட இப்படிக் கடைகள் உண்டு. காத்திருந்தே வாங்கி வரலாம். எஸ்ஏஇ 100 ஆர்17 வகைக் குழாய் 3,000 பிஎஸ்ஐ தாங்கும். உங்கள் பம்பின் ரிலீஃப் அழுத்தம், அதாவது பம்ப் ஏற்றவிடும் உச்ச அழுத்தம், அதைத் தாண்டினால் இரட்டைக் கம்பிப் பின்னல் கொண்ட 100 ஆர்2 கேளுங்கள்; கால் அங்குலத்தில் அது 5,000 பிஎஸ்ஐ. ஆனால் அது முரடு, 4 அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. குழாயை வெட்டும்போது உள்ளே ரப்பர் தூள் தங்கும். காற்று அடித்துச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். பொருத்தும்போது விளிம்பில் உரசும் இடத்துக்குப் பழைய குழாய்த் துண்டையே நீளவாக்கில் கீறி உறையாகப் போடலாம்.

சிலிண்டர்: வெளியே ஒழுகுவதும் உள்ளே ஒழுகுவதும்

தடி வெளிவரும் வாயில் எண்ணெய் சொட்டாகத் திரண்டால் தடி சீல் போய்விட்டது. தடியின்மேல் வெறும் பளபளப்பு மட்டும் என்றால் அது கசிவு அல்ல, சீலுக்கு வேண்டிய ஈரம். சீல் மாற்றும் முன் ஸ்லைடை முழுவதும் வெளியே தள்ளித் தடியைத் துடைத்து, நகத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டுங்கள். நகம் தட்டும் கீறலோ துருக்குழியோ இருந்தால் புதிய சீல் சில வாரமே தாங்கும், சிலிண்டரையே மாற்றுங்கள். குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் ஓடிய வண்டிகளில் இந்தக் குழிகள் சகஜம்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, தொட்டியில் அளவும் குறையவில்லை, ஆனாலும் பயணத்தில் ஸ்லைடு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வெளியே நழுவுகிறது. இதுதான் பலரைக் குழப்புவது. எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே ஒழுகலாம், அல்லது வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒற்றைச் சிலிண்டர் வகையில் ஒரு சோதனை:

1. ஸ்லைடை முழுவதும் உள்ளே இழுத்து, அழுத்தத்தை இறக்குங்கள்.
2. சிலிண்டரின் 'வெளியே' பக்கக் குழாயைக் கழற்றி, குழாய் முனையை எஃகு அடைப்பானால் மூடுங்கள். சிலிண்டரின் திறந்த வாயின் கீழே ஒரு ஜாடி.
3. விலகி நின்று 'உள்ளே' பட்டனை ஐந்து நொடி அழுத்தச் சொல்லுங்கள்.
4. முதலில் சில சொட்டு வந்து நின்றால் பிஸ்டன் சீல் நல்லது, வால்வைப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது.

வால்வுப் பக்கம் என்று முடிவானால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். வால்வைக் கையால் திறக்க வைத்திருக்கும் திருகு சற்றுத் திறந்தபடி விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் அங்கேதான் முடியும். அடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அழுத்தமில்லாத நிலையில் வால்வின் கார்ட்ரிட்ஜை (திருகிக் கழற்றும் உள்பகுதி) கழற்றி சுத்தமான ஏடிஎஃபில் அலசி, ஓ-ரிங்கைப் பார்த்து மாட்டுங்கள். நான்கு ஸ்லைடு வண்டியில் ஒரே மாதிரி வால்வுகள் இருந்தால் இரண்டை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். குறை வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

சிலிண்டரைக் கழற்றுவதென்றால் அதற்குமுன் ரேக்கும் பினியனும் சேரும் பல்லில் பெயின்ட் பேனாவால் குறி போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஸ்லைடு கோணலாகத்தான் மூடும்.

எண்ணெய் நிரப்புதல், காற்று வெளியேற்றுதல்

வேலை முடிந்தபின் ஸ்லைடை உள்ளே வைத்து அளவுவரை நிரப்புங்கள். மூடியைத் தளர்த்தி மேலே துணி போட்டுவைத்து, முழு ஓட்டம் வெளியே, முழு ஓட்டம் உள்ளே என்று நான்கைந்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே வந்ததும் தொட்டியைப் பாருங்கள். எண்ணெய் நுரைத்து ஸ்ட்ராபெரி பால்போல் இருந்தால் காற்று இன்னும் இருக்கிறது. நுரை அடங்கும்வரை அரை மணி நேரம் விட்டுத் தொடருங்கள். ஓடும்போது பம்ப் சரளைக்கல்லை அரைப்பதுபோல் சத்தமிட்டால் எண்ணெய் குறைந்து காற்றை இழுக்கிறது, உடனே நிறுத்துங்கள். மோட்டர் தொடமுடியாத சூடானாலும் அப்படியே. இரட்டைச் சிலிண்டர் வகையில் இரு முனையிலும், ஸ்லைடு நின்றபின் பட்டனை இன்னும் சில நொடி பிடியுங்கள். பிந்திய பக்கம் வந்து சேர்ந்துகொள்ளும்.

எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது லிப்பர்ட். அதுவரை காத்திருக்க வேண்டாத அறிகுறி, எண்ணெய் பழுப்பேறி கருகல் வாடை அடிப்பது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

பம்பைக் குற்றம் சொல்லும் முன் பேட்டரி

ஸ்லைடு ஆமைபோல் நகர்கிறது, பாதியில் நிற்கிறது. எண்ணெய் அளவு சரி, கசிவு இல்லை. பம்பைச் சுற்றுவது 12 வோல்ட் மோட்டர். சுமையேறும்போது நூறு ஆம்பியருக்குமேல் இழுக்கக்கூடியது. வெளி மின்சாரத்தில் செருகியிருக்கிறோமே என்பார்கள். வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் 55 ஆம்பியர் கன்வெர்ட்டரால் மட்டும் இந்தச் சுமை தாங்காது, நல்ல பேட்டரி நடுவில் இருக்க வேண்டும்.

ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பட்டனை அழுத்திக்கொண்டே பம்ப் மோட்டரின் முனையில் அளந்தால் 11க்குக் கீழே விழுகிறதா? மல்ட்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பாசிட்டிவ் கட்டையிலும் மறுமுள்ளை மோட்டரின் பாசிட்டிவ் முனையிலும் வைத்து ஓடவிடுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் நடுவே ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. நெகட்டிவ் பக்கமும் அதேபோல். சட்டத்தில் எர்த் போல்ட் பெயின்ட்மேல் முடுக்கப்பட்டிருப்பதுதான் அடிக்கடி அகப்படுவது. சுரண்டி, உலோகம் தெரியவைத்து முடுக்குங்கள்.

'கிளிக்' என்று மட்டும் கேட்டு மோட்டர் ஓடவில்லை என்றால், மோட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு இடையே அளந்தபடி அழுத்துங்கள். 12 வோல்ட் அப்படியே இருந்தால் உள்ளே தொடுமுனை கருகிவிட்டது, சொலினாய்டை மாற்றுங்கள். பூஜ்யத்துக்கு அருகே விழுந்தும் ஓடவில்லை என்றால் மோட்டர் பிரஷ் அல்லது எர்த். கிளிக்கே இல்லையென்றால் சிறிய முனைக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள்.

நாளைக் காலை கிளம்பியாக வேண்டும், பம்ப் ஓடவே இல்லை என்றால்: பல லிப்பர்ட் மோட்டர்களின் தலையில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு அறுகோணக் குழி இருக்கிறது. நகர்த்த வேண்டிய ஸ்லைடின் வால்வைக் கைத்திருகால் திறந்து, பொருத்தமான பிட் மாட்டிய பேட்டரி டிரில்லால் சுற்றலாம். ஒரு திசை உள்ளே, மறுதிசை வெளியே. லேபிளில் அம்புக்குறி பார்க்கவும். வேலை முடிந்ததும் திருகை மூட மறந்தால் நெடுஞ்சாலையில் ஸ்லைடு வெளியே வரும். சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். திருகை மூடியபின்தான் அவிழ்க்க வேண்டும்.

மற்றச் சாமான்களிலும் இதே கதை

சுவரின் இரு ஓரத்திலும் சிறு மோட்டர் வைத்த மின்சார ஸ்லைடு கோணிக்கொண்டால், முதலில் முழுவதும் வெளியே விட்டு, நின்றபின் பட்டனை ஐந்து நொடி பிடியுங்கள், உள்ளேயும் அப்படியே. இரண்டு மூன்று முறையில் இரு மோட்டரும் கணக்கை ஒத்துக்கொள்ளும். இவ்வகையில் ஒன்றான ஷ்வின்டெக்கின் கன்ட்ரோலரில் கைவழி மீட்பு: மோட் பட்டனை விரைவாக ஆறுமுறை தட்டி, ஏழாவது முறை ஐந்து நொடி பிடித்தால் சிவப்பும் பச்சையும் மின்னும். அதன்பின் சுவர் சுவிட்ச் வேலை செய்யும், ஆனால் மோட்டர்களை அது ஒத்திசைக்காது. இரு ஓரத்தையும் கண்ணால் பார்த்தபடி நகர்த்துங்கள்.

வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸில் விசிறி ஓடுகிறது, தீ பற்றவில்லை. கேஸ் தீர்ந்தது என்று சிலிண்டரைத் தூக்க வேண்டாம். விசிறிக் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளினால்தான் பற்றவைக்க அனுமதி கிடைக்கும். பேட்டரி தளர்ந்து விசிறி மந்தமானால் தகடு நகராது. நாய்முடியோ சிலந்திவலையோ சிக்கினாலும் அதே. வோல்ட் பாருங்கள், பிறகு தகட்டைத் துடையுங்கள். சமையல் அடுப்பு எரிகிறது என்றால் கேஸ் இருக்கிறது. அழுத்தமும் சரியா என்று தெரிய வேண்டுமானால் ரெகுலேட்டரில் 11 அங்குல நீரழுத்தம் இருக்கிறதா என்று மானோமீட்டரால் அளக்க வேண்டும்.

நள்ளிரவில் தண்ணீர் பம்ப் தானே ஒரு நொடி ஓடி அடங்குகிறதா? பம்பில் ஒன்றுமில்லை, எங்கோ சொட்டுகிறது. கழிப்பறை வால்வு, வெளிப்புற ஷவர், ஹீட்டரின் வடிகுழாய் என்ற வரிசையில் தடவிப் பாருங்கள். இங்கே கையால் தடவலாம். எல்லாம் காய்ந்திருந்தால் பம்பின் உள்வால்வு தண்ணீரைத் தொட்டிக்கே திருப்புகிறது. முகாமின் குழாயில் இணைத்திருக்கும்போது தொட்டி தானாக நிரம்பினால் உறுதியாக அதேதான்.

சுடுநீரில் அழுகிய முட்டை வாடை வந்தால் ஹீட்டரின் அனோட் தடியையும் (தொட்டி அரிக்காதபடி தான் கரையும் உலோகத் தடி) தொட்டியையும் பார்க்க வேண்டிய நேரம். சபர்பன் ஹீட்டரில் தடியைக் கழற்ற 1-1/16 அங்குல சாக்கெட். முதலில் ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, தண்ணீரை நிறுத்தி, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். இல்லையென்றால் தடியோடு கொதிநீர் உங்கள்மேல் பாயும். முக்கால் பங்கு கரைந்திருந்தால் மாற்றுங்கள். இது கூம்பு மரை, ஆகவே இங்கே டெஃப்லான் டேப் வேண்டும். அலுமினியத் தொட்டி உள்ள ஆட்வுட் ஹீட்டர்களுக்கு அனோட் கிடையாது, தேடாதீர்கள்.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் வண்டி மட்டமாக நிற்கிறதா என்பதே முதல் கேள்வி. பக்கவாட்டில் 3 பாகை, முன்பின் 6 பாகை வரைதான் பொறுக்கும். பின்பக்கம் மஞ்சள் படிவமும் அம்மோனியா நெடியும் இருந்தால் ஃபிரிட்ஜின் குளிரூட்டும் சுருள் ஒழுகிவிட்டது. அதை அணைத்து, ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். அது வீட்டில் சரிசெய்யும் ஒழுகல் அல்ல.

பயணப் பெட்டியில் எடுத்துவைக்க: டெக்ஸ்ரான் ஏடிஎஃப் 2 லிட்டர், கால் அங்குல ஜேஐசி எஃகு அடைப்பான் நான்கு, மூடி நான்கு, நைட்ரைல் ஓ-ரிங் பொட்டலம், மல்ட்டிமீட்டர், டிரில்லும் அதற்குரிய அறுகோண பிட்டும், ஸ்லைடுக்கு ஒரு தாங்குகட்டை. ஒரு ஸ்லைடின் குழாய் வழியில் வெடித்தால், ஸ்லைடைத் தள்ளி உள்ளே கொண்டுவந்து கட்டையால் பூட்டி, வால்வு பிளாக்கில் அந்த இரு வாய்களையும் மூடியால் அடைத்துவிட்டு, மற்ற ஸ்லைடுகளை வழக்கம்போல் உபயோகிக்கலாம். எல்லா ஸ்லைடுகளும் உள்ளே இருக்கும்போது அளவு பார்த்து எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள்.